ஜார்ஜியா ராஜ்யத்தில் கிராமமும் நகரமும்: கவுண்டி யூனிட் முறையின் தோற்றமும் வீழ்ச்சியும் (1877–1964)

நகரவாசிக்கும் கிராமவாசிக்கும் இடையே உள்ள மனவேற்றுமை எந்தத் தேசத்திலும் புதியதன்று; வரியைப் பற்றியும், சாலையைப் பற்றியும், மதுவைப் பற்றியும், வட்டியைப் பற்றியும் இரு சாராரும் வேறுவேறாக நினைப்பதற்குரிய காரணங்கள் அவரவர் ஜீவனத்திலேயே அமைந்து கிடக்கின்றன. ஆனால் அந்த இயல்பான வேற்றுமையைச் சட்டத்தின் அட்டவணையில் ஏற்றி, ஒரு சிற்றூரானின் ஓட்டுக்கு ஒரு பட்டணத்தானின் ஓட்டைப் போலத் தொண்ணூற்றொன்பது மடங்கு கனம் கொடுத்து, அந்தக் கனத்தின் மேல் ஓர் ஆட்சியையே நாற்பத்தைந்து ஆண்டுகள் நிறுத்தி வைத்த விநோதம், அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஜார்ஜியா ராஜ்யத்தில் 1917 முதல் 1962 வரை நடைபெற்றது. ‘கவுண்டி யூனிட்’ என்று வழங்கிய அவ்வேற்பாட்டைக் கிராமங்களின் ஆட்சி என்றே அதன் ஆதரவாளரும் விரோதிகளும் ஒருங்கே வருணித்து வந்தனர். அரசியல் ஆராய்ச்சியாளர் வி. ஓ. கீ, 1949-இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஜார்ஜியாவைப் பற்றிய அத்தியாயத்துக்கு நாட்டுப்புறத்தாரின் ஆட்சி என்ற பொருள்படவே தலைப்பிட்டார். அந்த வருணனை பாதிதான் உண்மை என்பதும், கிராமத்தின் பெயரால் நடந்த அவ்வாட்சி கிராமத்தில் வாழ்ந்த மக்களுள் பெரும் பகுதியினரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது என்பதும் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் விளங்கும்.

கவுண்டி என்பது நம் ஜில்லாவைவிடச் சிறியது. பரப்பில் பெரும்பாலும் நம் தாலுகாவை ஒத்தது. அதற்கென ஒரு தலைநகரம், அத்தலைநகரின் நடுச் சதுக்கத்தில் ஒரு நீதிமன்றக் கட்டிடம், ஒரு ஷெரிஃப், வரி வசூலிக்கும் அதிகாரி, சாலைகளைப் பராமரிக்கும் கமிஷனர்கள் ஆகிய அனைத்தும் உண்டு. 1777-இல் ஜார்ஜியாவில் எட்டுக் கவுண்டிகளே இருந்தன. பின்னர் அவை பிளந்து பிளந்து பெருகி, 1924-இல் பீச் கவுண்டி தோன்றியபோது 161 ஆயின. 1932-இல் காம்ப்பெல், மில்ட்டன் என்னும் இரண்டும் அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுண்டியோடு இணைந்ததால் 159 ஆகக் குறைந்தன. இத்தனை சிறு துண்டுகளாக ஒரு ராஜ்யம் சிதறியதற்குக் குதிரையேறிச் சென்று ஒரே நாளில் நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்னும் வசதி முதற்காரணமாகக் கூறப்படுவதுண்டு. அதனினும் வலுவான காரணம் ஒன்று அரசியல் சாசனத்துக்குள் ஒளிந்திருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய புனரமைப்புக் காலம் முடிந்தவுடன், ராபர்ட் டூம்ப்ஸ் முன்னின்று நடத்திய மாநாட்டில் உருவான 1877-ஆம் ஆண்டுச் சாசனம், ஜனத்தொகை மிக்க ஆறு கவுண்டிகளுக்கு மும்மூன்று பிரதிநிதிகளும், அடுத்த இருபத்தாறுக்கு இவ்விரண்டும், எஞ்சியவை எவ்வளவு சிறியனவாயினும் ஒவ்வொன்றும் தவறாமல் பெறும்படி ஒரு ஸ்தானமும் வகுத்து வைத்தது. ஒரு கவுண்டியை இரண்டாகப் பிளந்தால் சட்டசபையில் ஒரு புது ஸ்தானம் பிறக்கும்; ஒரு ஷெரிஃப் வேலையும் அதனைச் சார்ந்த பல உத்தியோகங்களும் உடன் பிறக்கும். கவுண்டிகள் பெருகியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்நாளில் இந்த ஒழுங்கு பெரிய அநீதியாக யாருக்கும் தோன்றியிருக்காது. 1900-இல் கூட அட்லாண்டாவில் 89,872 பேர்தாம் வசித்தனர். ராஜ்யம் முழுவதும் பருத்திக் காடாக விரிந்து கிடந்தது. அன்று கலகக் குரல் எழுந்ததும் பட்டணத்திலிருந்து அன்று, பருத்திக் காட்டிலிருந்துதான். பருத்தி விலை வீழ்ந்து, கடைக்காரனிடம் வருகிற அறுவடையை அடமானம் வைத்துச் சாமான் வாங்கிய விவசாயி மீளாக் கடனில் அமிழ்ந்த 1890-களில், டாம் வாட்சன் என்ற வழக்கறிஞர் மக்கள் கட்சியின் கொடியைத் தூக்கி, வெள்ளை விவசாயியும் கறுப்பின விவசாயியும் ஒரே கடன்காரனால் ஒரே விதமாகக் கொள்ளையிடப்படுகிறார்கள் என்று ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்த இயக்கம் ஓட்டுத் திருட்டாலும், பயமுறுத்தலாலும், இனத்துவேஷத்தாலும் நசுக்கப்பட்டது. அதைவிடத் துயரமானது அதற்குப் பின் நடந்தது. அதே வாட்சன், 1906-இல் கவர்னர் பதவிக்கு நின்ற ஹோக் ஸ்மித்தை ஆதரித்தபோது, கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறிப்பதற்கும் சேர்த்தே ஆதரவு கொடுத்தார். 1908-இல் அந்தப் பறிப்பு சாசனத் திருத்தமாயிற்று. அதற்கு முன்பே, 1900 முதல், டெமாக்ரடிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய பூர்வாங்கத் தேர்தலில் வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்ற விதி அமலில் இருந்தது. 1877 முதலே, செலுத்தாத ஆண்டுகளின் பாக்கியும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் தலைவரி, கறுப்பின ஏழையோடு வெள்ளை ஏழையையும் வாக்குச் சாவடியிலிருந்து விலக்கி வந்தது. கிராமத்தின் ஏழைகள் ஒன்றுசேர முயன்று தோற்ற இடத்தில்தான், கிராமத்தின் பெயரைச் சொல்லும் ஆட்சி எழும்பியது. இந்தக் கால வரிசையை மறந்துவிட்டுக் கவுண்டி யூனிட் முறையை வெறும் நகரத்துவேஷமாக விளக்குவோர் அதன் வேரைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

கட்சியின் சம்பிரதாயமாக ஏற்கெனவே வழங்கி வந்த முறையை 1917-இல் நீல் சட்டம் அரசாங்கச் சட்டமாக்கிற்று. அதன்படி, பூர்வாங்கத் தேர்தலில் ஒரு கவுண்டியில் யார் அதிக ஓட்டுப் பெறுகிறாரோ அவருக்கே அந்தக் கவுண்டியின் யூனிட்டுகள் முழுவதும் சேரும். ஜனத்தொகை மிக்க எட்டுக் கவுண்டிகளுக்கு ஆறாறு யூனிட், அடுத்த முப்பதுக்கு நன்னான்கு, எஞ்சிய 121-க்கும் இவ்விரண்டு. ஆக மொத்தம் 410. சிறு கவுண்டிகள் 121-உம் சேர்ந்தால் 242 யூனிட். வெற்றிக்கு வேண்டியதோ 206. அதாவது, பெரிய கவுண்டி ஒன்றையும் நடுத்தரக் கவுண்டி ஒன்றையும் எட்டிக்கூடப் பாராமல், 103 சிறு கவுண்டிகளைக் கையில் வைத்திருப்பவன் கவர்னராகி விடலாம். பூர்வாங்கத் தேர்தல்தானே என்று இதை அலட்சியமாக நினைக்கலாகாது. ரிபப்ளிகன் கட்சி பெயரளவில் கூட எதிர்நிற்க இயலாத அக்காலத்து ஜார்ஜியாவில் டெமாக்ரடிக் பூர்வாங்கத் தேர்தலே உண்மையான தேர்தல், நவம்பரில் நடந்த பொதுத் தேர்தல் சடங்கு மாத்திரமே. ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் ஒரு சுயேச்சைக் கமிஷன் கூடித் தொகுதி எல்லைகளைத் திருத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, எல்லையைத் திருத்தும் அதிகாரம் யாவும் அந்த எல்லையால் லாபமடைந்த சட்டசபையினிடமே இருந்தது என்பது விளங்கினால், இம்முறை ஏன் அத்தனை காலம் அசையாமல் இருந்தது என்பதும் விளங்கும்.

அட்லாண்டா வளர்ந்தது, சட்டம் வளரவில்லை. பருத்தியைக் காய்ப்புழு வண்டு அழித்து, கறுப்பினக் குத்தகையாளர்கள் வடக்கே சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இரயிலேற, வெள்ளையருள் பலர் நெசவாலை ஊர்களுக்கும் அட்லாண்டாவுக்கும் குடிபெயர, கிராமாந்தரம் காலியாயிற்று. 1920-இல் இரண்டு லட்சத்தை எட்டிய அட்லாண்டா 1960-இல் 4,87,455 பேரைக் கொண்டது. அவ்வாண்டுக் கணக்கின்படி ஃபுல்டன் கவுண்டியின் ஜனத்தொகை 5,56,326. ராஜ்யத்தின் மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அங்கே வசித்தனர். அவர்களுக்குக் கிடைத்தது ஆறு யூனிட், அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஃபுளோரிடா எல்லையோரத்துப் பைன் காடுகளுக்கு நடுவே இருந்த எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். அவர்களுக்கு இரண்டு யூனிட். எக்கோல்ஸ், கிளாஸ்காக், குவிட்மன் என்னும் மூன்று கவுண்டிகளின் 6,980 மக்களும் ஃபுல்டனின் ஐந்தரை லட்சம் மக்களும் தராசில் சமமாக நின்றனர்.

இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எழுத்தாளர்கள் அட்லாண்டாவின் இழப்பையே பெரிதாகப் பேசுவது வழக்கம். எக்கோல்ஸில் 1,876 பேர் என்று எண்ணும்போது, அவர்களுள் கறுப்பினத்தாரும் அடங்குவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ராஜ்யத்தின் நடுவே குறுக்காக ஓடிய பழைய பருத்திப் பிரதேசத்தில், அடிமைகளின் சந்ததியார் வெள்ளையரைவிட மிகுந்திருந்த கவுண்டிகள் பல. அங்கே அவர்களும் உட்பட்ட கவுண்டி ஒன்றுக்குத்தான் யூனிட் வழங்கப்பட்டது. அந்த யூனிட்டைச் செலுத்தும் கையோ அவர்களுடையது அன்று. டெரல் கவுண்டியில், 1957-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசாங்கம் தொடுத்த முதல் வழக்கே அங்கிருந்த வாக்காளர் பதிவு அதிகாரிகளின் மேல் என்றால், அப்பிரதேசத்தில் ஒரு கறுப்பின விவசாயி தன் பெயரைப் பட்டியலில் ஏற்றுவது எத்தகைய காரியமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆகவே கிராமத்துக்குக் கூடுதல் கனம் என்று சொல்வது பிழை. கிராமத்துச் சதுக்கத்தைச் சூழ்ந்து வாழ்ந்த ஒரு சிறு வகுப்பாருக்கு, அவர்களைச் சுற்றி ஓட்டின்றி உழுதுகொண்டிருந்தவர்களின் கனமும், தூரத்து அட்லாண்டாவினின்று பறித்த கனமும் சேர்ந்து கிடைத்தது என்று சொல்வதே சரி.

இவ்வேற்பாட்டின் மேல் ஏறி ராஜ்யத்தையே தன் சொந்தப் பண்ணைபோல் நடத்தியவர் யூஜீன் டால்மாட்ஜ். டெல்ஃபேர் கவுண்டியின் மக்ரே என்னும் சிற்றூரில் வழக்கறிஞராகவும் பண்ணைக்காரராகவும் இருந்து, 1926-இல் விவசாயக் கமிஷனராகி, 1932-இலும் 1934-இலும் 1940-இலும் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இம்மனிதருடைய கூட்டங்களைப் பற்றிய வருணனைகள் இன்றும் படிக்கத்தக்கன. ஜூலை மாதத்து வெயிலில் மர நிழலில் பன்றி இறைச்சி நெருப்பில் வாட்டப்படும். வண்டி கட்டிக்கொண்டும் பழைய கார்களிலும் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் குடும்பத்தோடு வந்து குழுமுவர். டால்மாட்ஜ் மேடையேறிக் கோட்டைக் கழற்றினால் உள்ளே காற்சட்டையைத் தாங்கும் சிவப்புத் தோள்பட்டைகள் பளிச்சென்று தெரியும், கூட்டம் ஆரவாரிக்கும். மோட்டார் வண்டிக்கு உரிமக் கட்டணம் மூன்று டாலர் என்று அவர் குறைத்தது ஏழை விவசாயியின் நெஞ்சில் நின்றது. டிராம் வண்டி ஓடுகிற கவுண்டி எதனுடைய ஓட்டும் தமக்குத் தேவையில்லை என்று அவர் பெருமை பேசியதாக ஜார்ஜியாவில் எல்லாரும் அறிவர். 410-இல் 242 என்ற கணக்கை அறிந்தவருக்கு அப்பேச்சு வெறும் வீரவாதம் அன்று, திட்டமான வியூகம்.

விவசாயிக்கு அவர் செய்தது என்ன என்று கேட்பது அவசியம். பொருளாதார மந்தத்தால் கிராமங்கள் நலிந்து கிடந்த அந்த ஆண்டுகளில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களை டால்மாட்ஜ் மூர்க்கமாக எதிர்த்தார். முதியோர் உதவித்தொகைக்கான முயற்சியைத் தம் தடையதிகாரத்தால் நிறுத்தினார். 1934-இல் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவச் சட்டத்தை அறிவித்து, கைதான தொழிலாளரை முள்வேலிக்குள் அடைத்து வைத்தார். அந்தத் தொழிலாளர் யாவர்? பருத்திக் காட்டை விட்டு நேற்று ஆலைக்கு வந்த விவசாயிகளின் பிள்ளைகள். 1936-இல் அமெரிக்க செனட் சபைக்கு ரிச்சர்ட் ரஸ்ஸலை எதிர்த்து நின்றபோது, அவர் நம்பிய கிராமக் கவுண்டிகளே அவரைப் பெருவாரியாகக் கைவிட்டன. அவருடைய ஆதரவு பெற்ற கவர்னர் வேட்பாளரும் அதே தேர்தலில், ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை ஆதரித்த இ. டி. ரிவர்ஸிடம் தோற்றார். நாட்டுப்புற ஓட்டர் பகுத்தறியாத கும்பல் என்ற அட்லாண்டாப் பத்திரிகைகளின் ஏளனத்தை மறுப்பதற்கு இந்த ஒரு தேர்தலே போதும். பகுத்தறிந்து ஓட்டளிக்கும் வாய்ப்பு கொடுக்கப்பட்டபோது அவர்கள் பகுத்தறிந்தார்கள். பெரும்பாலும் அந்த வாய்ப்புத்தான் கொடுக்கப்படவில்லை.

ஏனெனில், சிறு கவுண்டியில் சில நூறு ஓட்டுகளைக் கைக்கொண்டால் இரண்டு யூனிட் நிச்சயம். அட்லாண்டாவில் அத்தனை ஓட்டுகளைச் சேர்த்தாலும் பயனில்லை. ஆகையால் ராஜ்ய அரசியலின் பணமும் தந்திரமும் சிறு கவுண்டிகளின் நீதிமன்றக் கட்டிடங்களை நோக்கியே பாய்ந்தன. சாலை போடுகிற ஒப்பந்தம், பள்ளி வாகனம் ஓட்டுகிற வேலை, சிறைக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்குகிற அனுமதி ஆகியவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்த சதுக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரோடு உடன்பாடு செய்துகொண்டால் காரியம் முடிந்தது. ராஜ்யச் சட்டசபையின் மேல்சபையான செனட்டிலோ இன்னும் விசித்திரமான முறை: பெரும்பாலான செனட் தொகுதிகளில் மும்மூன்று கவுண்டிகள் சேர்ந்திருக்க, அவை முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாக உறுப்பினரை அனுப்பின. அனுபவம் பெற்ற செனட்டர் என்று எவரும் நிலைக்க இயலாத இந்தச் சுழற்சியால் அதிகாரம் முழுவதும் கவர்னரிடமும், அவரைத் தாங்கிய கவுண்டித் தலைவர்களிடமும் குவிந்தது.

1946-ஆம் ஆண்டில் இந்த யந்திரம் தன் முழுத் தோற்றத்தையும் காட்டிற்று. அதற்கு முன் கவர்னர் எல்லிஸ் ஆர்னால் 1945-இல் தலைவரியை ஒழித்திருந்தார். கொலம்பஸ் நகரத்துக் கறுப்பினப் பிரமுகர் ப்ரைமஸ் கிங் தொடுத்த வழக்கினால் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் பூர்வாங்கத் தேர்தல் சட்டவிரோதமாயிற்று. அட்லாண்டாவில் தேவாலயங்களும் கல்லூரிகளும் கறுப்பினச் சங்கங்களும் கூடி உழைத்ததன் பயனாகச் சில மாதங்களிலேயே பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர் சுமார் 7,000-இலிருந்து 21,000-க்கு மேல் உயர்ந்தனர். 1946 பிப்ரவரியில் காங்கிரஸ் சபைக்கு நடந்த இடைத்தேர்தலில் நேரடி வாக்குகளே எண்ணப்பட்டன. ஹெலன் டக்ளஸ் மான்கின் என்ற வழக்கறிஞர், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஆஷ்பி தெருச் சாவடியின் பெட்டி கடைசியாக எண்ணப்பட்டபோது வெற்றி பெற்றார். உடனே கட்சியின் நிர்வாகக் குழு, அந்தத் தொகுதியில் வழக்கொழிந்து கிடந்த யூனிட் விதிக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஜூலையில் மான்கினுக்கு 53,611 ஓட்டு, எதிர்த்து நின்ற ஜேம்ஸ் டேவிஸுக்கு 42,482. ஆயினும் ஃபுல்டனின் ஆறு யூனிட் மட்டுமே மான்கினைச் சேர, டிகால்பின் ஆறும், மிகச் சிறிய ராக்டேலின் இரண்டும் டேவிஸுக்குப் போய், எட்டுக்கு ஆறு என்ற கணக்கில் பதினோராயிரம் ஓட்டு அதிகம் பெற்ற பெண்மணி தோற்றவரானார்.

அதே நாளில் கவர்னர் பதவிக்கும் இதுவே நடந்தது. மாரியட்டாவில் விமானத் தொழிற்சாலையை நிர்வகித்த ஜேம்ஸ் கார்மைக்கேல் 3,13,389 ஓட்டும், கறுப்பின மக்களைப் பூர்வாங்கத் தேர்தலிலிருந்து மறுபடி வெளியேற்றுவதாகச் சபதம் செய்த டால்மாட்ஜ் 2,97,245 ஓட்டும் பெற்றனர். யூனிட் கணக்கிலோ டால்மாட்ஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146. பதவியேற்கும் முன்பே டிசம்பரில் டால்மாட்ஜ் காலமானார். அதன் பின் அவருடைய மகன் ஹெர்மன், பதவியை விட மறுத்த ஆர்னால், துணைக் கவர்னராகத் தேர்ந்த எம். இ. தாம்ப்ஸன் என்று ஒரே சமயத்தில் மூன்று கவர்னர்கள் இருந்த 1947-இன் கேலிக்கூத்து உலகப் பிரசித்தம். ஹெர்மனைச் சட்டசபை தேர்ந்தெடுப்பதற்கு, பொதுத் தேர்தலில் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டவர்கள் போதிய அளவில் இருந்தாக வேண்டும்; எண்ணிக்கை குறைந்தபோது, அவருடைய சொந்த டெல்ஃபேர் கவுண்டியிலிருந்து கூடுதல் சீட்டுகள் திடீரென வெளிவந்தன. அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் அங்கே சென்று பட்டியலைப் பார்த்தார். ஒரே சாவடியில் முப்பத்து நான்கு பேர் அகரவரிசை பிசகாமல் ஒருவர்பின் ஒருவராக வந்து ஓட்டுப் போட்டதாக அதில் கண்டிருந்தது. அவர்களுள் மாண்டவர்களும் இருந்தனர். குட்வினுக்கு 1948-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஹெர்மனுக்குக் கவர்னர் பதவியும் கிடைத்தது.

பொதுத் தேர்தலுக்கும் யூனிட் முறையை நீட்டிக்க வேண்டுமென்று ஹெர்மன் டால்மாட்ஜ் இரண்டு முறை, 1950-இலும் 1952-இலும், சாசனத் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தத்தை ஏற்பதா என்று கேட்கும் வாக்கெடுப்பில் மட்டும் ஆளுக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டும் சமம். இரண்டு முறையும் மக்கள் அதை நிராகரித்தனர். தலைகளை எண்ணினால் தோற்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

மக்களிடம் செல்ல வழியில்லாதவர்கள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். பதினாறு ஆண்டுகள் அங்கும் கதவு அடைத்தே கிடந்தது. இல்லினாய்ஸ் ராஜ்யத்துத் தொகுதிகளைப் பற்றிய கோல்குரோவ் வழக்கில், 1946-இல், நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் அரசியல் என்னும் முட்புதருக்குள் நீதிமன்றம் நுழையலாகாது என்று எச்சரித்தார். மான்கினுக்காகத் தொடுத்த வழக்கும், 1950-இல் யூனிட் முறையையே எதிர்த்த சவுத் – பீட்டர்ஸ் வழக்கும், 1958-இல் அட்லாண்டா மேயர் வில்லியம் ஹார்ட்ஸ்ஃபீல்ட் தொடுத்த வழக்கும் அந்த எச்சரிக்கையின் முன் விழுந்தன. ஃபிராங்க்ஃபர்ட்டரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று: அநீதியான சட்டசபையைத் திருத்த வேண்டியவர் மக்களே, நீதிபதிகள் அல்லர் என்பது ஜனநாயகத்தில் மதிப்புள்ள கொள்கை. ஆனால் அந்த மக்கள் திருத்துவதற்குரிய கருவியையே அந்த அநீதி பறித்துவிட்டபோது, கொள்கை மதிப்பிழந்து போகிறது. 1962 மார்ச் 26-இல், டென்னஸியின் பேக்கர் – கார் வழக்கில், நீதிபதி பிரெனன் எழுதிய தீர்ப்பு கதவைத் திறந்தது. டென்னஸியின் சாசனம் பத்தாண்டுக்கு ஒருமுறை ஸ்தானங்களைப் பங்கிடச் சொல்லியிருந்தும், 1901-க்குப் பின் பங்கீடே நடைபெறவில்லை. வாக்குரிமை பெற்றோர் நான்கு மடங்குக்கு மேல் பெருகியிருந்த அந்த ராஜ்யத்தில், நூற்றுக்கு நாற்பது ஓட்டர்கள் கீழ்சபையின் 99 உறுப்பினரில் 63 பேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தனர்.

அட்லாண்டாவில் அந்த நாளுக்காகவே ஒரு வழக்கு காத்திருந்தது. பேக்கர் தீர்ப்பு வெளியான அன்றே ஜேம்ஸ் ஓ’ஹியர் ஸாண்டர்ஸ் என்ற ஃபுல்டன் வாக்காளரின் பெயரால் மனு தாக்கலாயிற்று. அதை நடத்திய மாரிஸ் ஆப்ரம், ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தென் ஜார்ஜியச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். நகரத்தானின் ஆணவம் என்று இவ்வழக்கை இகழ்ந்தவர்களுக்கு அவர் பிறப்பே பதில். ஏறக்குறைய ஒரு மாதத்தில், சட்டசபை அவசரமாகக் கூடி யூனிட் கணக்கைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தும் பயனின்றி, ஃபெடரல் நீதிமன்றம் அம்முறைக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி தாமே உச்ச நீதிமன்றத்தில் எழுந்து வாதாடினார். 1963 மார்ச் 18-இல், எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ஒரு மனிதருக்கு ஓர் ஓட்டு என்ற கொள்கையை நிலைநாட்டிய தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டக்ளஸ். 1950-இல் இதே முறை தப்பியபோது மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதியவரும் அவரே. அடுத்த ஆண்டில், அட்லாண்டாவின் காங்கிரஸ் தொகுதியில் 8,23,680 பேரும் மற்றொன்றில் 2,72,154 பேரும் இருந்ததைக் கண்டித்த வெஸ்பெரி வழக்கும், அலபாமாவின் ரெனால்ட்ஸ் – ஸிம்ஸ் வழக்கும் வரவே, சட்டசபைகளின் மேல், கீழ் இரு சபைகளும் ஜனத்தொகைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது நாடெங்கும் சட்டமாயிற்று.

விளைவு உடனே தெரிந்தது. யூனிட் இல்லாத முதல் தேர்தலான 1962 செப்டம்பரில், ஆகஸ்டா நகரத்துக் கார்ல் ஸாண்டர்ஸ், பழைய பாணியில் ஊர்தோறும் இறைச்சி விருந்து வைத்துப் பிரசாரம் செய்த முன்னாள் கவர்னர் மார்வின் கிரிஃபினைத் தோற்கடித்தார். விருந்தை உண்டவர் எல்லாரும் ஓட்டளிக்கவில்லை என்று கிரிஃபின் சொன்னதாகச் சொல்வர். சுழற்சி ஒழிந்து திருத்தியமைக்கப்பட்ட செனட்டுக்கு அட்லாண்டாவிலிருந்து லீராய் ஜான்ஸன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் ஜார்ஜியச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. அதே தேர்தலில், பிளெயின்ஸ் என்ற சிற்றூரின் நிலக்கடலை வியாபாரி ஜிம்மி கார்ட்டர் செனட்டுக்கு நின்று, முதல் எண்ணிக்கையில் தோற்றார். குவிட்மன் கவுண்டியின் தலைவர் ஜோ ஹர்ஸ்ட்டின் ஆட்கள் நீதிமன்ற அலுவலகத்து மேசையருகில் நின்று, ஒவ்வொருவரும் யாருக்குக் கோடிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தனர். மாண்டவரும் சிறையிலிருந்தவரும் ஓட்டளித்ததாகப் பட்டியலில் கண்டிருந்தது. பெட்டியைத் திறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள் ஒரே கட்டாக மடித்து உள்ளே கிடந்தன. கார்ட்டர் வழக்காடி வென்றார். யூனிட் முறையின் பழைய கோட்டைகளுள் ஒன்றை இங்கே எதிர்த்து நின்றவனும் கிராமத்தான்தான் என்பது கவனிக்கத்தக்கது.

தோற்ற வகுப்பார் சும்மா இருக்கவில்லை. 1964-இல் இயற்றிய தேர்தல் சட்டத்தில், ஒருவர் பாதிக்கு மேல் ஓட்டுப் பெறாவிடில் முதல் இருவருக்கிடையே மறுதேர்தல் நடைபெற வேண்டும் என்ற விதியைப் புகுத்தினர். வெள்ளையர் ஓட்டுகள் பலருக்குள் சிதறியபோது கறுப்பின மக்களின் ஒற்றுமை ஓட்டால் ஒருவர் முந்திவிடாதபடி தடுப்பது அதன் உட்கருத்து. அதற்காக முன்னின்ற சட்டசபை உறுப்பினர் டென்மார்க் குரூவர் தம் அக்கால நோக்கத்தில் நிறவேற்றுமை கலந்திருந்ததைப் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். கவர்னர் பதவிக்கோ, மறுதேர்தலுக்குப் பதில் சட்டசபையே தேர்ந்தெடுக்கும் பழைய சாசன விதி நின்றது; 1966-இல் கவர்னர் தேர்தலில் எவருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமற் போகவே, முதலிடம் பெற்றவரைவிட மூவாயிரம் ஓட்டு குறைவாகப் பெற்ற லெஸ்டர் மாடாக்ஸைச் சட்டசபை கவர்னராக்கிற்று. அட்லாண்டாவில் உணவு விடுதி நடத்தி, கறுப்பின வாடிக்கையாளரைக் கோடாரிக் காம்பு காட்டி விரட்டியதால் புகழ்பெற்ற அவர் கிராமத்தாரல்லர், பட்டணத்துக்காரர்.

அந்த மறுதேர்தல் விதிப்படியே 2021 ஜனவரி 5-இல் நடந்த அமெரிக்க செனட் தேர்தலில், அட்லாண்டாவின் எபினேசர் தேவாலயத்துப் போதகர் ராஃபேல் வார்னாக் வென்று, அமெரிக்க செனட் சபையில் ஜார்ஜியாவின் முதல் கறுப்பின உறுப்பினரானார். பத்திரிகைகள் அதை அட்லாண்டாவின் வெற்றி என்று எழுதின. வரைபடத்தில் அட்லாண்டாவும் அதன் புறநகரும் ஒரு நிறம், கிராமாந்தரம் மற்றொரு நிறம் என்று காட்டின. அந்த வரைபடத்திலேயே ராஜ்யத்தின் நடுவே குறுக்காக, பழைய பருத்திப் பிரதேசத்தின் வழியே, அட்லாண்டாவின் நிறத்திலேயே ஒரு கோடு விட்டுவிட்டு ஓடுவதையும் காணலாம். ஹான்காக் கவுண்டி அதில் ஒன்று. ஸ்பார்ட்டா என்ற சிற்றூரைத் தலைநகராகக் கொண்டது, முழுதும் கிராமம், மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். யூனிட் முறை நடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளும் ஹான்காக்குக்கு உரிய யூனிட்டுகள் தவறாமல் எண்ணப்பட்டு வந்தன. அங்கே உழுதவர்களின் ஓட்டு எண்ணப்பட்டு, கவுண்டியின் கமிஷனில் அவர்கள் பெரும்பான்மை பெற்றது 1968-இல்.